பழைய விலையைப் படிப்பது எப்படி? பங்குச் சந்தை கேள்வி – பதில்

பங்குகளின் பழைய விலைப் பட்டியல் பற்றிய சந்தேகங்களை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களே ஒரு கட்டு சேர்ந்துவிட்டதால் இந்தப் பகுதியை அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். பாதிக் கடிதங்களில் கணக்கு சரியாகவே இருந்தது. கணக்குக்கு எடுத்துக்கொண்ட விலைதான் தப்பு.

கேள்வி: ராயல் என்ஃபீல்டின் பழைய தொழிற்சாலை எங்கள் ஊரில் இருந்ததால் ஐஷர் மோட்டார்ஸ் மேல் ஒரு பாசம். அதன் பத்து வருட விலையை எக்ஸெலில் போட்டேன். 2020 ஆகஸ்டில் ஒரே நாளில் 90% விழுந்ததாகக் காட்டுகிறது. செல்போன் ஆப்பில் பார்த்தால் அப்படி எதுவுமே நடக்கவில்லை. எதை நம்புவது சார்?
(திருவொற்றியூர் வாசகர்)

இரண்டையும் நம்பலாம். இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். அந்த மாதக் கடைசியில் ஐஷர் தன் 10 ரூபாய் முகமதிப்பு (பங்கில் குறித்த மதிப்பு) கொண்ட பங்கை 1 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது. ‘ஸ்ப்ளிட்’ என்பது இதைத்தான். இருபதாயிரத்துக்கு மேல் விற்ற ஒரு பங்கு, இரண்டாயிரத்துச் சொச்சம் விலையில் பத்துப் பங்குகளாக மாறியது. யார் கையிலும் காசு குறையவில்லை. நீங்கள் இறக்கிய பட்டியலில் இருப்பது அன்றைக்குச் சந்தையில் உண்மையாகக் கைமாறிய விலை. ஆப் காட்டுவது, பழைய விலை அத்தனையையும் பத்தால் வகுத்து இன்றைய பங்கின் அளவுக்குக் கொண்டுவந்த, சரிக்கட்டிய விலை. ‘அட்ஜஸ்டட்’ என்று அவர்கள் போடுவது இதைத்தான். 2017-இல் ஐஷர் என்ன விலை என்று ஆப்பில் பார்த்தால், அந்த ஆண்டு யாருமே வாங்கியிராத, விற்றிராத ஒரு விலை வரும்.

லாப விகிதம், சார்ட், ஏற்ற இறக்கம் இவற்றுக்குச் சரிக்கட்டிய விலை வேண்டும். புரோக்கர் தரும் காண்ட்ராக்ட் நோட்டைச் சரிபார்க்க, வரிக் கணக்கு போட, அன்றைக்கு என்ன விலை இருந்தது என்று யாருக்காவது நிரூபிக்க அசல் விலை வேண்டும்.

கையாலேயே சரிக்கட்டலாம். முகமதிப்பு 10-லிருந்து 1 ஆனால் பழைய விலையை 10-ஆல் வகுக்க வேண்டும். 10-லிருந்து 2 ஆனால் 5-ஆல். போனஸில், அதாவது கம்பெனி இலவசமாகத் தரும் கூடுதல் பங்கில்தான், பலர் சறுக்குகிறார்கள். நம் ஊரில் 1:2 போனஸ் என்றால் கையில் உள்ள 2 பங்குக்குப் புதிதாக 1. ஆக 2 பங்கு 3 ஆகிறது. பழைய விலையை 1.5-ஆல் வகுக்க வேண்டும், 2-ஆலோ 3-ஆலோ அல்ல. ஐடிசி 2016-இல் கொடுத்தது இந்த வகை. 1:1 என்றால் 2-ஆல். அடுத்தடுத்து வந்தால் பெருக்கிக்கொண்டே போக வேண்டும்: இன்ஃபோசிஸ் 2014, 2015, 2018 மூன்று ஆண்டுகளிலும் 1:1 கொடுத்தது. 2014 நவம்பரின் 1 பங்கு இன்று 8. அந்த மாத விலையை 8-ஆல், 2015 தொடக்கத்து விலையை 4-ஆல், 2017-இன் விலையை 2-ஆல் வகுக்க வேண்டும். ஸ்ப்ளிட்டோ போனஸோ விலையில் பிரதிபலிக்கும் முதல் நாளான எக்ஸ்-தேதியின் வரிசையைத் தொடக் கூடாது. அன்று சந்தையே புதிய அளவில்தான் திறந்தது. முந்தைய நாளிலிருந்து பின்னோக்கித்தான் வகுத்தல். விலையை வகுத்த எண்ணால் பழைய வால்யூமை, அதாவது கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். பிறகு ‘ஸ்ப்ளிட்டுக்கு அப்புறம் வியாபாரம் பத்து மடங்கு கூடிவிட்டது’ என்று கடிதம் வருகிறது.

டிவிடெண்ட் இன்னொரு அடுக்கு. பெரும்பாலான சார்ட்டுகள் ஸ்ப்ளிட்டுக்கும் போனஸுக்கும் மட்டும் சரிக்கட்டும், டிவிடெண்டை விட்டுவிடும். யாஹூ ஃபைனான்ஸில் இரண்டும் தனித்தனிக் கட்டங்களாகவே இருக்கும்: ‘க்ளோஸ்’ (அன்றைய முடிவு விலை) ஸ்ப்ளிட்டுக்குச் சரிக்கட்டியது, ‘அட்ஜஸ்டட் க்ளோஸ்’ டிவிடெண்டையும் சேர்த்துச் சரிக்கட்டியது. மணலி சென்னை பெட்ரோலியம் 2023–24 நிதியாண்டுக்குப் பங்குக்கு 55 ரூபாய் கொடுத்தது. இப்படிப்பட்ட பங்கில் டிவிடெண்டை விட்டுவிட்டுக் கணக்கு போட்டால் லாபம் கணிசமாகக் குறைந்து தெரியும். ஆனால் ஒன்று, புது டிவிடெண்ட் வரும் ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டாவது கட்டத்தின் பழைய எண்கள் எல்லாம் மாறும். போன வருடம் இறக்கிய கோப்போடு இந்த வருடத்தை ஒட்டாதீர்கள். முழுவதையும் புதிதாக இறக்குங்கள்.

டீமெர்ஜர், அதாவது கம்பெனியின் ஒரு பகுதி தனிக் கம்பெனியாகப் பிரிவது, வந்தால் சுலபமான விகிதம் கிடையாது. 2023 ஜூலை 20 அன்று ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) தனி அமர்வு நடத்தி விலையைக் கண்டது: முந்தைய நாள் 2,841.85, அன்று 2,580. வித்தியாசம் 261.85 ரூபாய் ஜியோ ஃபைனான்ஷியலின் மதிப்பு, நஷ்டம் அல்ல. சில தளங்கள் இதைச் சரிக்கட்டும், சில விட்டுவிடும்.

உங்கள் தளம் எந்த வகை என்று தெரியவில்லையா? 2018 செப்டம்பர் முதல் வாரத்து இன்ஃபோசிஸ் விலையை எடுத்துப் பாருங்கள். ஒரே நாளில் பாதியானால் அசல் விலை. வழுக்கிக்கொண்டு போனால் சரிக்கட்டியது. இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் உங்கள் ஊரில் பிறந்த எம்ஆர்எஃப்-ஐ வைத்துப் பழகலாம். என்எஸ்இ பட்டியல் கிடைக்கும் காலம் முழுக்க அது பங்கைப் பிரித்ததும் இல்லை, போனஸ் கொடுத்ததும் இல்லை. 2023 ஜூனில் ஒரு பங்கு 1 லட்சத்தைத் தாண்டியது அதனால்தான்.

கேள்வி: அப்பா காலமாகிவிட்டார். 2012-இல் அவர் வாங்கிய 100 பங்குகள் போனஸோடு 200 ஆகி என் டீமேட் (மின்னணுப் பங்கு) கணக்குக்கு வந்தன, விற்றுவிட்டேன். 31-1-2018 விலையைப் பார்க்க வேண்டும் என்று ஆடிட்டர் சொல்கிறார். ஆப்பில் அந்தத் தேதியைப் பார்த்து எழுதினால் போதுமா?
(பழைய வண்ணாரப்பேட்டை வாசகி)

போதாது அம்மா. ஆப்பின் விலை இங்கே நேரடியாகத் தவறான விடை தரும்.

2018 பட்ஜெட்டில் நீண்டகால மூலதன ஆதாய வரி திரும்ப வந்தபோது, 2018 ஜனவரி 31 வரை ஏறிய லாபத்துக்கு வரி வேண்டாம் என்று விட்டார்கள். அதற்கான விதி: அன்றைய உச்ச விலை, விற்ற விலை இரண்டில் குறைந்ததை எடுங்கள், அதையும் உண்மையில் வாங்கிய விலையையும் ஒப்பிட்டு, கூடியதை அடக்க விலையாக வையுங்கள். கவனிக்க வேண்டியது ‘உச்ச விலை’. க்ளோஸ் அல்ல. அன்று அந்தப் பங்கு வியாபாரமே ஆகவில்லை என்றால் அதற்கு முன் வியாபாரமான நாளின் உச்ச விலை. வாரிசாக வந்ததால் அப்பா வாங்கிய தேதியும் விலையும் அப்படியே உங்களுக்கு.

உங்கள் கடிதத்தில் விலைகள் இல்லாததால் ஓர் உதாரணம். அப்பா வாங்கியது 80 ரூபாய். 31-1-2018 உச்ச விலை 500. 2019-இல் 1:1 போனஸ். இப்போது 200 பங்கையும் 450 வீதம் விற்றீர்கள். பழைய 100 பங்குக்கு: 500, 450 இரண்டில் குறைந்தது 450, அது 80-ஐ விடக் கூடுதல், அடக்கம் 450, ஆதாயம் பூஜ்யம். போனஸ் 100 பங்கும் 2018 ஜனவரிக்குப் பிறகு வந்தவை, அவற்றுக்கு அடக்கம் பூஜ்யம், ஆதாயம் 45,000. மொத்தம் 45,000.

ஆப் பழைய 500-ஐப் போனஸுக்காகப் பாதியாக்கி 250 என்று காட்டும். அதை 200 பங்குக்கும் போட்டால் ஆதாயம் 40,000 வரும். குறைத்துக் காட்டிய குற்றம். பழைய 100-க்கு மட்டும் போட்டால் 65,000 வரும். வெட்டியாக 20,000 கூடுதல்.

ஸ்ப்ளிட்டுக்கு இது நேர் எதிர். பத்து ரூபாய்ப் பங்கு 2 ரூபாயாகப் பிரிந்திருந்தால், புதுப் பங்கு எதுவும் கிடைக்கவில்லை, பழையதே ஐந்தாக உடைந்தது. அதனால் 500-ஐ 5-ஆல் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் 100 போட வேண்டும். போனஸ் 31-1-2018-க்கு முன்பே வந்திருந்தால் அந்தப் போனஸ் பங்குகளுக்கும் அன்றைய உச்ச விலை உண்டு. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, போனஸ் எந்தத் தேதியில் கணக்குக்கு வந்தது என்று டீமேட் ஸ்டேட்மென்டில் பார்த்துக் குறித்துக்கொள்வது. அசல் உச்ச விலையை என்எஸ்இ அல்லது பிஎஸ்இ தளத்தின் பழைய பட்டியலில் எடுங்கள். முகமதிப்பு மாறினால் பங்கின் அடையாள எண்ணான ஐஎஸ்ஐஎன்னும் மாறும், போனஸில் மாறாது. ரிட்டர்னில் நிரப்பும்போது இது குழப்பும்.

23-7-2024 முதல் இந்த வகை ஆதாயத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5%. ஆண்டு முழுக்க வேறு விற்பனை இல்லையென்றால் மேலே சொன்ன 45,000-க்கு வரியே இல்லை.

டீமெர்ஜர் ஆன பங்காக இருந்தால் அடக்க விலையை எப்படிப் பிரிப்பது என்று கம்பெனியே அறிவிக்கும். ரிலையன்ஸ் விஷயத்தில் 95.32% ரிலையன்ஸுக்கு, 4.68% ஜியோ ஃபைனான்ஷியலுக்கு. சந்தை விலை வித்தியாசத்தை வைத்து நீங்களாகப் பிரிக்கக் கூடாது.

கேள்வி: என்எஸ்இ-யில் இறக்கிய கோப்பை எக்ஸெலில் திறந்தால் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நிற்கின்றன. கூட்டல் வேறு வரமாட்டேன் என்கிறது.
(ராயபுரம் வாசகர்)

இடப்பக்கம் நிற்பவை தேதியே அல்ல, எக்ஸெல் கண்ணுக்கு வெறும் எழுத்து. வலப்பக்கம் நிற்பவைதான் ஆபத்து. கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 05-10-2012 என்பதை மே 10 என்று எடுத்துக்கொள்ளும். நாள் 12-க்கு மேல் போனால் மட்டும் புரியாமல் எழுத்தாக விட்டுவிடும். இந்த உதாரணத் தேதியைச் சும்மா சொல்லவில்லை. 2012 அக்டோபர் 5 அன்று ஒரு புரோக்கர் அலுவலகத்தின் தவறான ஆர்டரால் நிஃப்டி (என்எஸ்இ-யின் 50 பெரிய பங்குகளின் குறியீடு) சில நொடிகளில் 900 புள்ளிகள் சரிந்து 4,888-ஐத் தொட்டது. வர்த்தகம் கால் மணி நேரம் நின்றது. அது மே 10-க்கு மாறினால் யாருக்கும் சந்தேகம் வராது, ஏனென்றால் அந்த மே வாரத்தில் நிஃப்டி 5,000-ஐ ஒட்டியே இருந்தது.

கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்ஸெலின் ‘டேட்டா’ பகுதி வழியாக உள்ளே இழுத்து, தேதிக் கட்டத்துக்கு நாள்–மாதம்–ஆண்டு வரிசையைத் தேர்ந்தெடுங்கள். கூட்டல் வராததற்குக் காரணம் எண்களுக்குள் இருக்கும் காற்புள்ளி: அந்தக் கட்டங்களைத் தேர்ந்து, ‘ஃபைண்ட்–ரீப்ளேஸ்’ வழியாகக் காற்புள்ளியைத் தேடி, மாற்றுக் கட்டத்தில் எதுவும் (இடைவெளி கூட) போடாமல் நீக்கிவிடுங்கள். நீண்ட காலத்தை ஒரே மூச்சில் இறக்க முடியாவிட்டால் ஆண்டுவாரியாக எடுத்து ஒட்டலாம். ஒட்டும் இடத்தில் ஒரே தேதி இரண்டு தடவை வந்திருக்கிறதா பாருங்கள். சீரீஸ் கட்டத்தில் ‘ஈக்யூ’, ‘பிஇ’ இரண்டு மட்டும் இருக்கட்டும். இடையில் ‘பிஇ’ வந்தால் அந்த நாட்களில் பங்கு, அன்றே வாங்கி அன்றே விற்க முடியாத டிரேட்-டு-டிரேட் பிரிவில் இருந்தது. நீக்காதீர்கள், நீக்கினால் பட்டியலில் ஓட்டை விழும். கடைசியாக, புதிய தேதி மேலே இருந்தால் பழையது மேலே வரும்படி அடுக்குங்கள். இல்லாவிட்டால் ஏற்றமெல்லாம் இறக்கமாக வரும்.

கேள்வி: 3.29 மணிக்குக் கடைசியாக 412-க்கு வியாபாரம் ஆனதை என் கண்ணால் பார்த்தேன். பட்டியலில் க்ளோஸ் 409.60 என்று இருக்கிறது. ஏமாற்று வேலையா?
(காசிமேடு வாசகர்)

இல்லை. பட்டியலில் உள்ள க்ளோஸ், கடைசி அரை மணி நேரத்தில் நடந்த வியாபாரம் அனைத்தின் எடையிட்ட சராசரி. நீங்கள் பார்த்தது ‘கடைசி வியாபார விலை’. அதற்குப் பக்கத்திலேயே தனிக் கட்டம் உண்டு. உங்கள் துறைமுகத்தில் கடைசிக் கூடை போன விலையை அன்றைய மீன் விலை என்று யாரும் சொல்வதில்லையே.

கேள்வி: 12-11-2023 ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு எப்படி விலை பதிவாகியிருக்கிறது?
(வியாசர்பாடி வாசகி)

தீபாவளி முகூர்த்த வர்த்தகம், ஒரு மணி நேரம். 2024-இல் மார்ச் 2, மே 18 ஆகிய சனிக்கிழமைகளில் முதன்மைக் கணினி மையம் பழுதானால் கைகொடுக்கும் மாற்று மையத்தைச் சோதிக்கச் சிறப்பு அமர்வுகள் நடந்தன. 1-2-2025 சனிக்கிழமை பட்ஜெட்டுக்காகச் சந்தை திறந்திருந்தது. விலையை வைத்துக்கொள்ளுங்கள். சராசரி வால்யூம் கணக்கிலிருந்து மட்டும் முகூர்த்த நாளையும் அந்த இரண்டு சிறப்பு அமர்வுகளையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பட்டியல் தயார். இதை வைத்து உருப்படியாக என்ன கணக்கு போடலாம்?
(பெரம்பூர் வாசகர்)

மூன்று போதும்.

முதலாவது, கூட்டு வளர்ச்சி. 120 ரூபாய்ப் பங்கு 6 ஆண்டில் 300 ஆனால் 150% லாபம், ஆண்டுக்கு 25% என்று வகுத்துவிடுகிறார்கள். சரியான வழி: 300-ஐ 120-ஆல் வகுத்து வரும் 2.5-க்கு ஆறாம் மூலம் எடுத்து 1 கழிக்க வேண்டும். விடை 16.5%. தொடங்கும் தேதியை மாற்றினால் இந்த எண் எப்படி வேண்டுமானாலும் வளையும். 2020 மார்ச் 23-இல் தொடங்கிக் காட்டும் எந்த விளம்பரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கலாம். அன்று நிஃப்டி ஒரே நாளில் 13% விழுந்து 7,610-இல் முடிந்தது. அதனால் மாதக் கடைசி விலைகளை எடுத்து எல்லா 3 ஆண்டுக் காலங்களுக்கும் வளர்ச்சியைக் கணக்கிடுங்கள். 2015 டிசம்பர் முதல் 2025 டிசம்பர் வரை 121 மாத விலைகள், அவற்றில் 85 மூன்றாண்டுக் காலங்கள். அவற்றில் மிக மோசமானது எது, எத்தனை காலங்களில் வங்கி டெபாசிட்டை விடக் குறைவு என்று பாருங்கள். சராசரி அப்புறம்.

இரண்டாவது, உச்சத்திலிருந்து சரிவு. அதுவரை வந்த அதிகபட்ச விலையை ஒரு கட்டத்தில் கீழே இழுத்துக்கொண்டே வந்து, அன்றைய விலையை அதனால் வகுத்து 1 கழித்தால் ஒவ்வொரு நாளின் சரிவும் வரும். நிஃப்டி 2020 ஜனவரி 14-இல் 12,362. மார்ச் 23-இல் 7,610. சரிவு 38%. பழைய இடத்துக்குத் திரும்ப 62% ஏற வேண்டியிருந்தது. நவம்பர் 9-இல்தான் அந்த உச்சத்தைத் தாண்டி முடிந்தது. தனிப்பட்ட பங்குகளில் 60, 70 சதவீதச் சரிவுகள் சாதாரணம். ஒரு பங்கை எவ்வளவு வாங்கலாம் என்பதை முடிவு செய்ய இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கச் சொல்வோம்.

மூன்றாவது, தினசரி ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகிறது என்ற அளவு). அதை ஆண்டுக்கு மாற்ற, ஆண்டில் சுமார் 250 வர்த்தக நாட்கள் என்பதால் 15.8-ஆல் பெருக்குங்கள். நாளுக்கு 2% என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 32%. இரண்டு பங்குகளை ஒப்பிட மட்டும் பயன்படும்; மேலே போகுமா கீழே போகுமா என்று இது சொல்லாது.

கேள்வி: தாத்தா இரண்டாம் கடற்கரைச் சாலையிலிருந்த மெட்ராஸ் பங்குச் சந்தை மூலம் வாங்கிய காகிதப் பங்குகள் இருக்கின்றன. அந்தக் கால விலை எங்கே கிடைக்கும்?
(மண்ணடி வாசகர்)

1937-இல் தொடங்கிய அந்தச் சந்தை 2015-இல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் அனுமதியோடு விலகிவிட்டது. என்எஸ்இ-யில் பங்கு வர்த்தகமே 1994 நவம்பரில்தான் ஆரம்பம். அதற்கு முந்தைய விலைக்குப் பெரும்பாலும் பழைய நாளிதழ்களைத்தான் புரட்ட வேண்டும். வரிக்காக என்றால் அந்த அலைச்சலே தேவையில்லை: பட்டியலிடப்பட்ட பங்காக இருந்தால் வாங்கிய விலை எவ்வளவு சொற்பமாக இருந்தாலும் 31-1-2018 விதி கைகொடுக்கும். கம்பெனி பெயர் மாறியிருக்கலாம். மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தேடினால் கிடைக்காது, சென்னை பெட்ரோலியம் என்று தேட வேண்டும். முதலில் காகிதத்தை டீமேட் ஆக்குங்கள். 2019 ஏப்ரலிலிருந்து காகிதமாக விற்க முடியாது.

கேள்வி: இன்றைய நிஃப்டி 50 பங்குகளின் 20 வருட விலையை வைத்து ஒரு விதியைச் சோதித்தேன். ஆண்டுக்கு 40% வருகிறது. நிஜப் பணம் போடலாமா?
(எண்ணூர் வாசகர்)

இப்போது வேண்டாம். இன்றைய 50 பங்குகள் பிழைத்து ஜெயித்தவை. 20 வருடத்துக்கு முன் உங்களுக்கு அந்தப் பட்டியல் தெரிந்திருக்காது. அந்தக் காலத்து நிஃப்டியில் சத்யம் இருந்தது. 2009 ஜனவரி 7 அன்று ஒரே நாளில் முக்கால் பங்குக்கும் மேல் மதிப்பை இழந்தது. யெஸ் பேங்க் 2020 மார்ச்சில் நிஃப்டியை விட்டுப் போனது. அந்தந்த ஆண்டின் பட்டியலை வைத்துச் சோதனையைத் திரும்ப நடத்துங்கள்.

அடுத்து, க்ளோஸ் விலையைப் பார்த்து சிக்னல் வருகிறது, அதே க்ளோஸ் விலைக்கு வாங்கியதாகவும் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்த விலை தெரியும்போது சந்தை மூடியிருக்கும். மறுநாள் திறப்பு விலையைப் போடுங்கள். திறப்பு, உச்சம், தாழ்வு, க்ளோஸ் நான்கும் ஒரே எண்ணாக உள்ள நாட்கள் பெரும்பாலும் சர்க்யூட்டில் (ஒரே நாளில் விலை மாறக்கூடிய எல்லையில்) பூட்டிய நாட்கள். மேல் சர்க்யூட்டில் வாங்க முடியாது, கீழ் சர்க்யூட்டில் விற்க முடியாது. அந்த நாட்களின் வியாபாரத்தைக் கணக்கிலிருந்து தள்ளுங்கள்.

செலவும் இல்லை உங்கள் கணக்கில். டெலிவரிக்கு எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1%, வாங்கும்போது முத்திரைக் கட்டணம் 0.015%. முழு முதலையும் ஆண்டுக்கு 20 தடவை சுழற்றினால் இவை மட்டுமே 4.3%. குறுகிய கால ஆதாய வரி 20% அதற்கு மேல். இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதை, விதியைச் செதுக்கப் பயன்படுத்தாத ஐந்து ஆண்டுகளில் மட்டும் ஓட்டிப் பார்த்து எழுதுங்கள். உங்கள் விதியில் உள்ள நாள் கணக்கை, உதாரணமாக 14-லிருந்து 13-க்கு, மாற்றினாலே 40% பாதியாகிறதா என்பதையும் சேர்த்து அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்க்கிறோம்.